கிண்டக் கூடாத பாணி

என்னை ஒஸ்லோவுக்குக் கூப்பிட்டது கதைப்பதற்காக. என்னை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் நான் வேலை செய்யும் பலகாரக் கடையில் முன்பக்கம் நின்று ஆட்களோடு கதைக்க வேறு ஒருவர் இருக்கிறார். நான் பின்பக்கம், அடுப்படியில், தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் மாவும் இறுகத் தொதல் கிண்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு என் வாய்க்கு அவ்வளவாக வேலை இருந்ததில்லை. கைக்குத்தான் வேலை.

அக்கா போனில் அழுதார். "சங்கவி வேலையை விடப் போறாளாம். மருந்துக்குப் படிச்ச பிள்ளை. லீவு போட்டுட்டுக் காட்டுக்குள்ளை மரத்திலை வாளி கட்டிக்கொண்டு நிக்கிறாள். மரத்துத் தண்ணியைக் காய்ச்சிப் பாணி ஆக்கிறாளாம். நாங்கள் சொல்லிக் களைச்சுப் போனம். நீ தாய்மாமன். நீ ஒரு சொல்லுச் சொன்னா கேப்பாள். ஒருக்கா வந்திட்டுப் போ தம்பி."

சங்கவி ஒஸ்லோவில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வீடியோவில் வருவாள். நான் போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்துவிட்டுத் தொதல் கிண்டுவேன். அவள் அங்கே ஏதாவது வாசித்துக்கொண்டிருப்பாள். கடைசியில், "சரி மாமா, வைக்கிறன்" என்பாள். "ஓம் பிள்ளை" என்பேன். அவ்வளவுதான். எங்களுக்குள் பெரிய கதை நடக்கிறது என்று அக்கா நினைத்துவிட்டார். அப்படித்தான் நான் விமானம் ஏறினேன்.

சித்திரை மாதத்துக்குக் கிட்ட வந்து இறங்கினேன். எங்கள் ஊரில் தார் இளகும் காலம். இங்கே வேலி ஓரங்களில், நிழல் விழும் பக்கங்களில், உருக மனமில்லாத பனி சுண்ணாம்புக் குவியல் போலக் கிடந்தது. அக்கா வீடு ஹவுகெட்டோ ஸ்டேசனுக்கு மேலே, சரிவில். ஜன்னலில் நின்றால் கீழே ரயில் போவது தெரியும், சத்தம் கேட்காது. சத்தமில்லாமல் ரயில் போகும் ஊரில் மனிதன் நித்திரையில் நடக்கிற மாதிரித்தான் இருக்கிறான். முதல் நாள் முழுக்க நான் அப்படித்தான் இருந்தேன்.

காலையில் அத்தான் பாண் துண்டு ஒன்றில் பழுப்பு நிறச் சீஸ் ஒன்றைச் சீவி வைத்துத் தந்தார். பார்க்கத் தொதல் மாதிரியே இருந்தது. ஆசையாகக் கடித்தேன். உப்புக் கலந்த தொதல். "எப்பிடி?" என்று கேட்டார். "நல்லாயிருக்கு" என்றேன். "பொய் சொல்லாதை. எனக்கும் பிடிக்கப் பத்து வருசம் எடுத்தது" என்றார். அத்தான் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர். சிரிக்காமல் பகிடி விடுவார்.

இரண்டாம் நாள் எனக்குச் சப்பாத்து வாங்க ட்வெய்ட்டாவுக்குக் கூட்டிப் போனார். "உந்தச் செருப்போடை காட்டுக்குள்ளை போனா கால் விறைச்சுக் கழண்டு விழும். பிறகு உன்ரை கொக்காவுக்கு ஆர் பதில் சொல்லுறது?" கடைத்தொகுதி முழுக்கப் பல நாட்டு முகங்கள். வாங்குகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த கிழவர்கள் அவரவர் மொழியில் ஒரே விஷயத்தைக் கதைப்பது போலத் தலையாட்டினார்கள். அதற்குள் அத்தானுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. என்னைச் சுரங்க ரயிலில் ஏற்றி, "பெரிய ஸ்டேசனிலை இறங்கி மற்ற ரயிலுக்கு மாறு. ஹவுகெட்டோ எண்டு சொல்லுவான், இறங்கு. குழந்தைப்பிள்ளையும் போகும்" என்று சொல்லி அனுப்பினார்.

மாறினேன். ஏறினேன். ஹவுகெட்டோ என்று சொன்னதும் எழும்பிக் கதவுக்கு முன்னால் நின்றேன். ரயில் நின்றது. கதவு திறக்கவில்லை. திறக்கும் என்று மரியாதையாகக் காத்துக்கொண்டு நின்றேன். ரயில் என்னையும் கொண்டு புறப்பட்டுவிட்டது.

"அண்ணா, அந்தப் பட்டனை அமுக்கணும்ணா. அதுவாத் திறக்காது."

திரும்பிப் பார்த்தால் முதுகில் பையோடு ஒரு பெடியன். தமிழ்நாட்டுப் பெடியன் என்று வாய் திறந்ததுமே தெரிந்தது.

"எனக்குத் தெரியாமப் போட்டுது தம்பி."

"சிலோன் தமிழா? கேக்கவே நல்லா இருக்குண்ணா. பக்கத்துல யாரையாவது கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம்தான். ஆனால் கேட்பது எனக்குக் கதவைத் திறப்பதைவிடக் கஷ்டம். அவன் மதுரைப் பக்கம், கம்ப்யூட்டர் வேலை. இங்கே வந்து இரண்டு வருடமாகப் பச்சை மிளகாய்க்கு ஏங்கியே வாழ்கிறானாம். கடைசி ஸ்டேசன்வரை என்னோடு வந்து, எதிர்ப்பக்க ரயிலில் ஏற்றிவிட்டு, "பட்டன், அண்ணா, பட்டன்" என்று வெளியே நின்று விரலால் அமுக்கிக் காட்டினான்.

திரும்பி வரும்போது வயல்வெளி தெரிந்தது. உழுத மண்ணும் பனியும் கோடு கோடாகக் கிடந்தன. போர்வை போர்த்த இரண்டு குதிரைகள் மூக்கால் புகை விட்டுக்கொண்டு நின்றன. ஜன்னலைப் பார்த்தபடி, சங்கவிக்குச் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். படிச்ச படிப்பு. அம்மா அப்பா பட்ட பாடு. நாலு பேர் என்ன சொல்லுவினம். எல்லாம் அக்கா சொல்லித் தந்த வசனங்கள். கண்ணாடியில் என் வாய் அசைந்தது. அது வேறு யாரோ கதைப்பது போல இருந்தது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அத்தான் காரில் கொண்டுபோய்க் காட்டோரத்தில் ஒரு பழைய பண்ணையில் விட்டார். வீட்டுக்குப் போகும் பாதையின் இரு பக்கமும் பெரிய மேப்பிள் மரங்கள், இலை ஒன்றும் இல்லாமல். ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு வாளி தொங்கியது. கிட்டப் போனால் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம். ஒரு மரம் கேட்க, ஒரு மரம் பதில் சொல்வது போல. சங்கவி கம்பளித் தொப்பியோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். போனில் பார்த்ததைவிட உயரம். ஒரு வாளியை எடுத்து, "குடியுங்கோ மாமா" என்றாள். இளநீரைப் பத்து மடங்கு தண்ணியில் கலந்தது போல இருந்தது. இனிப்பு இருக்கிறதா இல்லையா என்று நினைத்து முடிப்பதற்குள் போய்விட்டது.

பாணி காய்ச்சுவது ஒரு பலகைக் கொட்டிலில். கதவைத் திறந்ததும் ஆவி வந்து முகத்தை மூடியது. உள்ளே எதுவும் தெரியவில்லை. சீனி வாசம், ஈர மர வாசம், விறகு வாசம். மெதுவாகக் கண் பழகியபோது இரும்பு அடுப்பும் அதன் மேல் ஒரு கட்டில் அளவு சில்வர் தட்டமும் தெரிந்தன. அதன் பக்கத்தில் ஒரு வயதான நோர்வேக்காரப் பெண். பெயர் கெர்ட். மரங்களும் கொட்டிலும் அவருடையவை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சங்கவி தமிழில் சொன்னாள்: "மாமா வந்தது நல்லது, விறகு தூக்க ஆளில்லை எண்டு சொல்லுறா."

தட்டத்தை அப்போதுதான் வடிவாகப் பார்த்தேன். நடுவில் தகடுகள் வைத்து வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்திருந்தது. மரநீர் ஒரு மூலையால் சின்ன மிதவை ஒன்றைத் தாண்டி உள்ளே வருகிறது. ஒரு வாய்க்கால் முடிய மற்றதுக்குத் திரும்புகிறது, வெங்காயத் தோட்டத்தில் தண்ணி மாறுவது போல. போகப் போகக் கொதித்து வற்றி, கடைசி வாய்க்காலில் பொன்னிறமாகத் தடித்து நிற்கிறது. பதம் வந்ததும் பைப்பைத் திறந்து கொஞ்சம் இறக்க வேண்டும். இறக்கிய இடத்துக்குப் பின்னால் இருப்பது தானாக நகர்ந்து வரும். தாச்சியை இறக்கிக் கழுவி மறுபடி ஏற்றும் வேலையே இல்லை. காலையில் இருந்து பொழுதுபடும்வரை ஒரு பக்கம் தண்ணி, மறுபக்கம் பாணி.

"அம்மா கதைக்கச் சொல்லித்தானே அனுப்பினவ?" என்றாள் சங்கவி, ஆவிக்குள் இருந்து.

நான் விறகைப் பார்த்தேன்.

"கதையுங்கோ மாமா. கேக்கிறன்."

"பிறகு" என்றேன்.

அவளே சொன்னாள். நகரத்தில் கஃபே நடத்தும் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை வந்து பாணியை ருசி பார்க்கப் போகிறாராம். பிடித்தால் வாங்குவார். "பிடிக்காட்டி, இல்லாட்டி அவவுக்குக் காட்ட என்னட்டைப் போத்தல் இல்லாட்டி, திங்கக்கிழமை மருந்துக் கடை முதலாளிக்குப் போன் பண்ணி வேலைக்கு வாறன் எண்டு சொல்லுவன். அம்மாவுக்கும் அப்பிடித்தான் சொன்னனான். சத்தியமா." வெயில் கூடிக்கொண்டு வருவதால் மொட்டுகள் வீங்கத் தொடங்கிவிட்டனவாம். மொட்டு வெடித்தால் மரநீர் கசக்கும். பிறகு அடுத்த வருடம்தான்.

மத்தியானம் அவளும் கெர்ட்டும் வாளிகளை ஊற்றிக்கொண்டு வரப் போனார்கள். "விறகு போடுங்கோ. நுரை எழும்பினா இந்த பட்டரிலை ஒரு துண்டு போடுங்கோ. வேறை ஒண்டும் செய்யவேண்டாம்" என்றாள். தட்டத்துக்கு மேலே ஒரு நூல் வெறுமையாகத் தொங்கியது. என்ன என்று கையால் கேட்டேன். "கெர்ட் அதிலை பன்றிக் கொழுப்பு ஒரு துண்டு கட்டுறவ. நுரை முட்டினா தானா அடங்கும். அது பட்டா அம்மா பாணியைச் சாப்பிடமாட்டா எண்டு நான் பட்டர் போடுறன்."

தனியாக நின்றேன். நுரை எழும்பியது. பட்டர் போட்டேன். அதட்டு வாங்கிய பிள்ளை போல அடங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆவிக்குள் நின்றால் நேரம் போவது தெரியவில்லை. கடைசி வாய்க்காலில் குமிழ் பெரிதாகி, சோம்பலாக வெடித்தது. அந்தக் குமிழை எனக்குத் தெரியும். தொதலில் அந்தக் குமிழ் வந்தால், வேர்வை துடைக்கக்கூடக் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் அடிப்பிடிக்கும். சுவரில் நீளக் காம்போடு ஒரு கரண்டி தொங்கியது. நான் எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். கைதான் எடுத்தது. கடைசி வாய்க்காலில் கிண்டி, அப்படியே வளைத்து மற்றதுக்குள் தள்ளி, அங்கிருந்து இழுத்து, முழுத் தட்டத்தையும் நல்ல ஒழுங்காக, ஒரு மூலை விடாமல் கிண்டினேன். மனம் நிறைந்து போயிருந்தது.

சங்கவி வந்தபோதும் கிண்டிக்கொண்டுதான் நின்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டத்தைப் பார்த்தாள். பொன்னிறத்தைக் காணவில்லை. எல்லா வாய்க்காலும் ஒரே நிறம், வெளுத்த தேத்தண்ணி போல.

"மாமா..." என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. "தடிச்சதும் தண்ணியும் கலந்து போச்சு. முதல்லை இருந்து வத்தவேணும். கனநேரம் கொதிச்சாக் கறுத்துப் போகும். இது கஃபேக்குக் குடுக்கேலாது."

தொட்டியில் மரநீர் அரைவாசிகூட இல்லை. வெளியே வெயில் எறித்தது.

சங்கவி வந்து பக்கத்தில் இருந்தாள். நான் தரையைப் பார்த்தேன். வந்த வேலை முடிந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை கதைக்காமல், கரண்டியாலேயே அவளை வேலைக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். அக்கா கேட்டால் சந்தோசப்படுவார். நான் கரண்டியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் மாட்டினேன்.

"மாமா, தொதல் கிண்டேக்கை நீங்கள் என்ன யோசிப்பியள்?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமேயில்லையோ?"

"அடுப்பு. குமிழ். வேறை ஒண்டுமில்லை."

"எனக்கும் இஞ்சை அப்பிடித்தான்" என்றாள். "மருந்துக் கடையிலை நிக்கேக்கை ஒரு நாளும் அப்பிடி இருந்ததில்லை."

ரயிலில் சொல்லிப் பார்த்த வசனங்கள் எல்லாம் எனக்கு மறந்து போயின.

அன்று பின்னேரம் அத்தான் வந்தபோது, "நான் இஞ்சையே நிக்கிறன்" என்றேன். "கதைச்சு முடியேல்லையோ?" என்றார். "இல்லை" என்றேன். அது உண்மைதான். இனித் தேவை குளிர்தான். மரநீர் ஓட வேண்டுமென்றால் இரவு உறைந்து பகல் இளக வேண்டுமாம். மழை வேண்டிக் கும்பிட்டதுண்டு. குளிர் வேண்டிக் கும்பிட்டது அன்றுதான். பிள்ளையாருக்குக் குளிர் தெரியுமோ என்று யோசித்துக்கொண்டே கெர்ட் வீட்டுக் கம்பளிக்குள் நித்திரையானேன்.

காலையில் புல் நுனியெல்லாம் வெள்ளை. பண்ணைப் பாதை கண்ணாடி போல நொறுங்கியது. வெயில் ஏற ஏற, முதல் சொட்டு விழுந்தது. பிறகு பாதை முழுக்கச் சொட்டுச் சத்தம். சங்கவி ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

தட்டத்தில் கொதித்துக் கறுத்துக் கிடந்ததை வடித்து ஒரு பக்கம் வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். நான் அடுப்பின் பக்கத்தில் நின்றேன். கடைசி வாய்க்காலில் குமிழ் தடிக்கத் தொடங்கியதும் என் கை தானாக எழும்பியது. காற்சட்டைப் பைக்குள் போட்டேன். வெளியே வந்தது. முதுகுக்குப் பின்னால் கட்டினேன். கெர்ட் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டுக்குள் போய் ஒரு சாம்பல் நிறக் கம்பளி நூல் கட்டோடு வந்து, என்னை இருத்தி, இரண்டு கையையும் நீட்ட வைத்து, நூலை வளையமாக மாட்டிவிட்டார். எதிரே இருந்து பந்தாகச் சுற்றத் தொடங்கினார்.

"என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

"உன்ரை மாமா நல்ல மனுசன், கைதான் கள்ளன் எண்டு சொல்லுறா" என்று சங்கவி சிரித்தாள். "விலங்கு மாட்டியிருக்கிறாவாம்."

அப்படியே இருந்து பார்த்தேன். கிண்டாமல் ஒரு பாணி எப்படித் தடிக்கிறது என்று வாழ்நாளில் முதல்முறை பார்த்தேன். மேல் மூலையில் தண்ணி வருகிறது. அது முன்னால் இருப்பதை மெல்லத் தள்ளுகிறது. அது அதற்கு முன்னால் இருப்பதை. ஒன்றும் நிற்கவில்லை. நிற்காததால் அடிப்பிடிக்கவில்லை. என் கைகள் நூலோடு இடமும் வலமுமாக ஆடின. கெர்ட் இதய வடிவத்தில் சுட்ட அப்பம் போன்ற ஒன்றை, கையில் நூல் இருந்ததால், என் வாயில் ஊட்டிவிட்டார். நேற்று நான் கெடுத்த கறுத்த பாணி அதில் பூசியிருந்தது. வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். கொஞ்சம் நித்திரையும் கொண்டேன் போல. விழித்தபோது சங்கவி பைப்பைத் திறந்திருந்தாள். பொன்னிறமாக, நூல் மாதிரி, ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் வந்தார்கள். வருசப் பிறப்பு வாரம் என்பதால் பலகாரப் பெட்டியும் கூட. அக்கா ஆவிக்குள் நுழைந்ததும், "ஐயோ, இதுக்குள்ளையோ என்ரை பிள்ளை நிக்கிறவள்!" என்றார். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார். "கதைச்சியோ?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் கண் கடைசி வாய்க்காலில் விழுந்தது. கை கரண்டிக்குப் போனது. அக்காவும் எங்கள் வீட்டு அடுப்படியில் வளர்ந்தவர்தானே.

நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். அக்காவின் கையை நான் அப்படித் தடுத்ததே இல்லை.

"கிண்டாதையுங்கோ அக்கா."

"விடடா, அடிப்பிடிக்கப் போகுது!"

"பிடிக்காது. பின்னாலை வாறது தள்ளும்."

"உன்னை நான் என்னத்துக்குக் கூப்பிட்டனான்?"

"தெரியும்" என்றேன். மேலே தொங்கிய வெறும் நூலைக் காட்டினேன். "இதிலை பன்றிக் கொழுப்புக் கட்டுறதாம் அக்கா, நுரை அடங்க. நீங்கள் சாப்பிடமாட்டியள் எண்டு சங்கவி கட்டுறேல்லை. பக்கத்திலை நிண்டு பட்டர் போடுறாள். ஒவ்வொருக்காலும்."

நான் சொன்ன ஒரு சொல்லு அதுதான். அக்கா நூலைப் பார்த்தார். பட்டர்க் கிண்ணத்தைப் பார்த்தார். ஆனால் கை மட்டும் கரண்டியைத் தேடியபடியே இருந்தது. கெர்ட் அதைக் கண்டார். அடுத்த நூல் கட்டு அக்காவின் இரண்டு கையிலும் ஏறியது. "இதென்ன கோதாரி!" என்று அக்கா தமிழில் ஏசினார். கெர்ட் தன் மொழியில் சிரித்தார். அத்தான் போனை எடுத்துப் படம் பிடித்தார். "இருபத்தஞ்சு வருசத்திலை உன்ரை கொக்கா கை ஆட்டாமல் இருந்ததை இண்டைக்குத்தான் காணுறன்."

கஃபே நடத்துகிற பெண் மத்தியானத்துக்குப் பிறகு வந்தார். சங்கவி போத்தலைத் திறந்து சின்னக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் வாயில் வைத்துவிட்டு, ஜன்னலால் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு பேரும் நோர்வே மொழியில் கதைத்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அக்காவுக்கு எல்லாம் விளங்கும்.

"என்னவாம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பொறு." கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாயிருக்காம்" என்றார், முறைப்பாடு சொல்வது போல.

"பிறகு?"

"அடுத்த வருசமும் வேணுமாம். கனக்க வேணுமாம். இவளாலை ஏலுமோ எண்டு கேக்கிறா."

"சங்கவி என்ன சொன்னவள்?"

அக்காவின் கையில் சாம்பல் நூல். கெர்ட் இழுக்க இழுக்கக் கைகள் இடமும் வலமுமாகப் போய் வந்தன. ஆவிக்கு அப்பால் நின்ற மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டாள்."

நான் அக்காவின் முகத்தையே பார்த்தேன். அவர் அழப்போகிறாரா, ஏசப்போகிறாரா என்று தெரியவில்லை.

"என்னடா என்ரை முகத்தைப் பாக்கிறாய்?" என்றார். "அங்கை நுரை வருது. பட்டரைப் போடு."